பழைய காற்றெல்லாம் எங்கே போனது

கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குத் திரும்பி வராமல் போன என் அண்ணனுக்கு,

உன் தங்கச்சி எழுதுகிறேன். நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. திண்டுக்கல்லில் டவுன் பஸ் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரியின் கதை முடிவதற்குள் அகரம் வந்துவிடும். அப்புறம் கடிதம் எதற்கு? இப்போது எந்தப் பஸ்ஸும் நீ இருக்கிற பக்கம் போவதில்லை. அதனால் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். உன்னைப் பற்றித் தப்பாகப் பேசினவர்கள் கட்டாயம் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் ஒட்டன்சத்திரத்துக்கு வாக்கப்பட்டுப் போனாளே, இப்போது அந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டு போனில் என்னையே "ஏனுங்க அத்தை" என்கிறாள். நீ இருந்திருந்தால் அவளை லேசில் விட்டிருக்க மாட்டாய். மதினி காட்டு வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். டவுனுக்கு வந்து என்னோடு இரு என்றால், சம்பங்கிக்கு யார் தண்ணீர் விடுவது என்று கேட்பாள். இப்போது அந்தச் சம்பங்கியும் இல்லை. எனக்கு நடக்கும்போது கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. வயது என்று டாக்டர் சொன்னார். சரி என்று கேட்டுக்கொண்டேன்.

நீ கடைசியாக என் வீட்டுக்கு வந்த காலை ஞாபகம் இருக்கிறதா? பூ மார்க்கெட்டில் சம்பங்கியைப் போட்டுவிட்டு வழக்கம்போல் காப்பிக்கு வந்தாய். நான் அன்றைய பாடத்துக்காக ஒரு சுண்ணாம்புக் கல்லைத் தட்டிப் பொடித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொடிப்பொடியாக நுரை வந்தது. நீ குனிந்து பார்த்தாய்.

"என்ன டீச்சரு, கல்லு சோடா கணக்கா பொங்குது?"

"உள்ள அடைஞ்சு கெடந்த காத்து வெளிய வருதுண்ணே. பூமி உண்டான புதுசுல நாம இழுக்குற காத்தே கெடையாது. வேற காத்து. அதுல கொஞ்சம் இது."

"இம்புட்டுதானா? ஒரு பூமிக்கு இருந்த காத்து. மிச்சமெல்லாம் எங்க போச்சு? மூட்ட கட்டிட்டு வேற ஊருக்கா போயிரும்?"

எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாட்டி வா, சொல்கிறேன் என்றேன். "வாரேன்" என்று சொல்லி, படியிறங்கும்போதே அந்தச் சின்னத் தகர டப்பாவைத் திறந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினாய். மூடி நிற்காது என்று அதற்கு எப்போதும் ஒரு ரப்பர் பேண்டு போட்டிருப்பாய். உன் முதுகைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன்.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதில். காப்பி ஆறினாலும் பரவாயில்லை, உட்காரு.

பூமி பிறந்த புதிதில் இருந்தது எரிமலைகள் கக்கின காற்று. ஆவி, கரியமில வாயு, இன்னும் மூக்கைப் பிடிக்க வைக்கும் என்னென்னவோ. அந்த ஆவி குளிர்ந்து மழையாகக் கொட்டித்தான் கடல் சேர்ந்தது. மேலே வானம் நீலமாகக்கூட இருந்திருக்காது, மங்கிப்போய்ப் பழுப்பாக இருந்திருக்கும் என்கிறார்கள். நீயும் நானும் அங்கே போய் நின்றிருந்தால் சில மூச்சுக்கு மேல் தாங்கியிருக்க மாட்டோம். தீக்குச்சி கிழித்தாலும் பற்றியிருக்காது. ஆனாலும் அந்தக் கடலில் கண்ணுக்குத் தெரியாத பொடி உயிர்கள் இருந்தன. அவற்றுக்கு அந்தக் காற்றுதான் ஒத்துப்போனது.

பிறகு ஒரு பாசி வந்தது. நம் கிணற்றுப் படியில் வழுக்கி நீ முட்டியைப் பெயர்த்துக்கொண்டாயே, அந்த வகையைச் சேர்ந்ததுதான். வெயிலைப் பிடித்து, கரியமில வாயுவை உறிஞ்சி, தனக்கு வேண்டாத ஒன்றை வெளியே தள்ளியது. அது தள்ளின கழிவுதான் ஆக்ஸிஜன். நாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு பாசியின் கழிவை நம்பி. இதைச் சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள்.

அந்த ஆக்ஸிஜனும் உடனே காற்றில் சேர்ந்துவிடவில்லை. கடல் தண்ணீரில் இரும்பு கரைந்து கிடந்தது. ஆக்ஸிஜன் முதலில் அதைப் பிடித்தது. இரும்பு துருவாகித் துருவாகிக் கடலடியில் படிந்தது. நினைத்துப் பார்க்க முடியாத அளவு காலம் இது நடந்தது. இரும்பு தீர்ந்துபோன பிறகுதான் மிச்ச ஆக்ஸிஜன் மேலே வந்தது. இது நடந்து இருநூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்த வேலை இன்னும் நிற்கவில்லை. நம் காட்டு மண் ஏன் சிவப்பு? பாறையில் இருந்த இரும்பு துருப்பிடித்துப் பொடிந்து கிடக்கிறது. நீ காலெல்லாம் பூசிக்கொண்டு வந்து என் மொசைக் தரையைப் பாழாக்கினது துருதான்.

அந்தப் பழைய உயிர்களுக்கு என்ன ஆனது என்று நீ கேட்பாய். அவற்றுக்கு ஆக்ஸிஜன் விஷம். பெரும்பாலானவை செத்தன. அவை ஒரு தப்பும் செய்யவில்லை, அண்ணே. எப்போதும் எப்படி மூச்சுவிட்டனவோ அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தன. காற்று மாறிவிட்டது, அவ்வளவுதான். தப்பினவை காற்றுப் புகாத சேற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டன. தூர் வாரும்போது கறுப்புச் சேறு நாறுமே, அது அவற்றின் வேலை. இன்றைக்கும் கிணற்றடியில் அவை இருக்கின்றன.

வகுப்பில் கிணறு என்று வாயில் வரும்போது நான் நிறுத்தித் தண்ணீர் குடிப்பேன். டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

நீ செத்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வந்து சேரும்போது உன்னை மேலே தூக்கிக் கிணற்றுமேட்டில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு காயம் இல்லை. தூங்குகிறவன் மாதிரி, கன்னம்கூடச் சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்கு ஓடவில்லை. அண்ணன் செத்துக் கிடக்கும்போது யாருக்குப் பாடம் ஞாபகம் வரும்?

கிணறு வற்றிவிட்டது, மோட்டார் குழாயின் அடியில் சேறு அடைத்துவிட்டது, சீமெண்ணெய் எஞ்சின் வாடகைக்குப் பிடித்து இருந்த தண்ணீரை இறைத்துவிட்டுச் சேறு அள்ள நீ இறங்கினாய், விஷவாயு தாக்கிவிட்டது. இவ்வளவுதான் எனக்குச் சொன்னார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். எழவு வீட்டிலேயே சொன்னார்கள்.

"வெளக்கு எறக்காம எறங்கிட்டான். அவசரக்குடுக்கை."

கிணற்றில் இறங்குகிறவர்களுக்கு நம் பக்கத்தில் அது ஒன்றுதானே சட்டம். அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவது. அணைந்தால் இறங்கக் கூடாது. வேப்பங்கிளையைக் கட்டித் தொங்கவிட்டு மேலும் கீழும் அடித்துக் காற்றைக் கலைத்து, மறுபடி விளக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். எரிந்தால் இறங்கலாம். விளக்கு பொய் சொல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நீ செத்ததற்கு அவர்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. நீ விளக்கே இறக்கியிருக்க மாட்டாய்.

எனக்கு அதை நம்பவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் கையில் ஒன்றும் இல்லை. அவசரம் உன் கூடப்பிறந்ததுதான். ஆனால் உயிரோடு விளையாடுகிற அவசரம் உனக்குக் கிடையாது. அன்று கிணற்றுமேட்டில் உன்னோடு இருந்தது மதினி ஒருத்திதான். அவளிடம் கேட்டேன். அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, இத்தனை வருஷமும் திறக்கவில்லை. உன் திதிக்குச் சமைப்பாள், இலை போடுவாள், கூட்டத்தில் யாராவது "வெளக்கு மட்டும் எறக்கியிருந்தா" என்று ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். உன்மேல் உள்ள கோபம் என்று நான் நினைத்தேன். அவளும் நானும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், அவள் மனசு எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கிணறு அப்படியே கிடந்தது. மதினி போர் போட்டாள். கொஞ்ச காலம் தண்ணீர் வந்தது, சம்பங்கி பூத்தது. இந்தக் கோடையில் போர் காற்று இழுக்க ஆரம்பித்துவிட்டது. வெயிலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், நீ இருந்த காலத்து வெயில் இல்லை இது. காலையிலேயே சிறுமலை தெரியாத அளவுக்கு ஒரு புழுக்கம் மூடிக்கிடக்கிறது. சம்பங்கித் தாள் நுனியில் இருந்து கருகிக்கொண்டே வந்தது. ஒருநாள் மதினி போன் செய்தாள்.

"பாக்கியம், நாளைக்குக் கெணறு தூர் வார ஆளு வாராக. நீ செத்த நேரம் வந்து நின்னுட்டுப் போயேன். எனக்கு அந்தப் பக்கம் கால் போகல."

லீவு போட்டுவிட்டுப் போனேன். நான் போய்ச் சேரும்போதே வேலை தொடங்கியிருந்தது. தூர் வாரும் கூட்டத்துக்குத் தலைவர் சின்னக்காளை என்று ஒருவர். நரைத்த மீசை, நிதானமான ஆள். கிணற்றுமேட்டில் ஒரு நீலக் குழாய் சுருண்டு ஈரமாகக் கிடந்தது. மதினி வேப்பமரத்தடியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சின்னக்காளை விளக்கை இறக்கிக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அடியில் விளக்கு அழகாக எரிந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே, கிணற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பாறைத் திட்டில், ஒரு எஞ்சின் உட்கார்ந்திருந்தது.

"அந்த எஞ்சின உள்ள வச்சா ஓட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா டீச்சரம்மா. மேல வச்சா அம்புட்டு ஆழத்துல இருந்து தண்ணி ஏறாதுல்ல. காலைல இருந்து ஓடுச்சு, இப்பத்தான் நிறுத்துனோம். வெளக்கு நல்லா எரியுது பாருங்க. எறங்க வேண்டியதுதான்."

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருவர் தயாராக இருந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். இறங்கக் கூடாது என்றேன். சின்னக்காளைக்கு முகம் மாறிவிட்டது. சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

"எங்கப்பா காலத்துல இருந்து இந்த வெளக்குதான் எங்களுக்குக் காவலு. அது எரிஞ்சு ஒருத்தன் செத்தான்னு நான் கேட்டதில்ல. உங்க அண்ணன் வெளக்கு எறக்காம எறங்குனாரு. அதுக்காக நீங்க பயப்படுறது எனக்குப் புரியுது."

அப்போதுதான் மதினி பேசினாள். மரத்தடியில் இருந்தே, ஒருவரையும் பார்க்காமல்.

"அன்னைக்கும் எரிஞ்சுச்சு."

சின்னக்காளை கயிற்றைப் பிடித்தபடியே அவள் பக்கம் திரும்பினார்.

"எஞ்சினு அன்னைக்கும் அந்தத் திட்டுலதான் இருந்துச்சு. வெளக்கு ஏத்திக் குடுத்தது நானு. அவரு எறக்குனாரு. வெயில்ல அவருக்குக் கண்ணு கூசுச்சு, எரியுதான்னு என்னையத்தான் கேட்டாரு. நாந்தான் சொன்னேன். எரியுது, எறங்குங்கன்னேன்."

சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணே, அவள் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது உன்மேல் கோபத்தில் இல்லை. விளக்கு பொய் சொல்லாது என்றால், தான்தான் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அணைந்த விளக்கை எரிகிறது என்று சொல்லிப் புருஷனைக் கிணற்றுக்குள் அனுப்பிவிட்டேனோ என்று நினைத்திருக்கிறாள். ஊர் உன்னைத் திட்டும்போது, இல்லை, அவர் விளக்கு இறக்கினார் என்று சொன்னால் அடுத்த கேள்வி தன்னிடம் வரும் என்று எழுந்து அடுப்படிக்குப் போயிருக்கிறாள். அந்தப் புகையில் எத்தனை தடவை அழுதாளோ.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். சின்னக்காளையும் அவர் ஆட்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் நடத்தின எந்தப் பாடமும் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

எண்ணெய் நன்றாக எரிந்தால் கரியமில வாயு வரும். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்தால் இன்னொரு வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. மூச்சோடு உள்ளே போய், ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும், லேசில் எழுந்திருக்காது. ரத்தம் இன்னும் சிவப்பாகும். மனிதன் தூங்குகிறவன் மாதிரி சாய்ந்துவிடுவான். கிணற்றுக்குள் எஞ்சின் ஓட்டினால் அந்த வாயு அங்கேயே தங்கும். ஆனால் விளக்கை அது அணைக்காது. விளக்குக்கு எரிவதற்கு ஆக்ஸிஜன் இருந்தால் போதும். அதற்கு ரத்தமா இருக்கிறது?

"அப்ப எங்கப்பா காலத்துல?" என்றார் சின்னக்காளை.

"அப்ப கிணத்துக்குள்ள எஞ்சின் எறங்கலைண்ணே. மாடு கட்டிக் கவலையில எறைச்சாங்க. அன்னைக்கு இருந்த கெட்ட காத்துக்கு வெளக்கு சரிதான். அது பொய் சொல்லல. அதுக்குத் தெரிஞ்ச காத்தப் பத்தித்தான் சொல்லுச்சு. காத்து மாறிப்போச்சு."

அவர் மெதுவாகக் கயிற்றை இழுத்து விளக்கை மேலே எடுத்தார். வெளியே வந்த பிறகும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது. திரியை இறக்கி ஊதி அணைத்தார். இடுப்பில் கயிறு கட்டினவர் அதை அவிழ்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

மதினி கேட்டாள். "அப்ப நான் பாத்தது தப்பில்லையா?"

"இல்ல மதினி. நீ சரியாத்தான் பாத்த. எரிஞ்சுச்சு."

"தப்பில்லேன்னா மட்டும் வந்துருவாராக்கும்" என்று சொல்லி அழுதாள். நீ செத்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் அவளைச் சமாதானம் செய்யவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். பாசி போட்ட பிள்ளையார் சுழியோடு கதை முடியவில்லை. பிறகு தரையில் செடி வந்தது, மரம் வந்தது. ஒரு காலத்தில் சதுப்பு நிலமெல்லாம் காடாகி, காற்றில் ஆக்ஸிஜன் இன்றைக்கு இருப்பதைவிடக் கூடிப்போனது. அப்போது காக்கை அளவுக்குத் தட்டான் பறந்தது, உனக்கு அதைக் கட்டாயம் சொல்லியிருப்பேன். அந்த மரங்கள் பழைய கரியமில வாயுவைக் குடித்து உடம்பாக்கிக்கொண்டு, விழுந்து, சேற்றில் புதைந்து நிலக்கரி ஆயின. கடலில் மிதந்த பொடி உயிர்களும் அதைக் குடித்து, செத்து, அடியில் மூடுண்டு, சூட்டில் வெந்து எண்ணெய் ஆயின. சிப்பியும் சங்கும் அதை ஓடாக்கிக்கொண்டு சுண்ணாம்புக் கல் ஆயின. நடுவில் ஒருமுறை எரிமலைக் குழம்பு பொங்கி, பூமிக்குள் கிடந்த கரியையும் சேர்த்து எரித்து, பழைய காற்றை ஒரேயடியாக வெளியே விட்டது. கடலில் மூச்சுவிட வழியில்லாமல் போய், இருந்த உயிர்களில் முக்கால்வாசிக்கு மேல் செத்தன. அந்தச் சாவில் இருந்து பூமி தேறி வர லட்சக்கணக்கான வருஷம் ஆனது.

ஆக, பழைய காற்று எங்கேயும் போகவில்லை, அண்ணே. மூட்டை கட்டிக்கொண்டு வேற ஊருக்குப் போகவில்லை. காலடியில்தான் புதைந்து கிடந்தது. அதன்மேல்தான் நாம் மூச்சுவிட்டு, கல்யாணம் செய்து, பூப் பயிர் செய்தோம். இப்போது தோண்டி எடுத்து வண்டியிலும் எஞ்சினிலும் ஊற்றி எரிக்கிறோம். உன்னைக் கொன்றது அதில் ஒரு வாடகை எஞ்சினுக்குப் போதுமான அளவு. நீ இறக்கின விளக்கில் இருந்ததும் அதே எண்ணெய்தான்.

பயமாக இருக்கிறது. இதை வெளியில் சொன்னால் டீச்சர் பாடம் எடுக்கிறாள் என்பார்கள், உன்னிடம் சொல்லலாம். மழை முன்னைப்போல இல்லை என்று எல்லோரும் பேசுகிறார்கள், அடுத்த நிமிஷம் விலைவாசிக்குப் போய்விடுகிறார்கள். விளக்கு எரிகிறதே, அப்புறம் என்ன என்றுதான் எல்லோரும் இருக்கிறோம். கிணறென்றால் மேலே ஏறி வர ஒரு படி இருக்கிறது. பூமிக்கு எங்கே இருக்கிறது?

கிணற்றை என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. மூடிவிடலாம் என்றேன். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. பாதியில் விட்டால் அவர் செத்ததும் பாதியில் நிற்கும் என்றாள், அவள் கணக்கு எனக்குப் புரியவில்லை, ஆனாலும் சரி என்றேன். எஞ்சினை மேலே இழுத்துப் போட்டார்கள். டவுனில் அலைந்து, காற்றடிக்கும் ப்ளோயர் ஒன்றும், கெட்ட வாயு இருந்தால் கத்துகிற கருவி ஒன்றும் வாடகைக்குப் பிடித்து வந்தேன். நாளெல்லாம் காற்று அடித்தோம். கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினது சின்னக்காளைதான். விளக்கு கட்டுகிற அதே முடிச்சுப் போட்டுத்தான் இறக்கினார். அது கத்தவில்லை. அப்புறமும் நான் தலையாட்டும்வரை ஒருவரையும் இறங்கவிடவில்லை.

சேறு முழுக்க அள்ளினார்கள். அடியில் வெறும் பாறை. ஊற்றுக்கண் இருந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்ததாக ஒருவர் மேலே வந்து சொன்னார், ஈரம்கூட இல்லையாம். இவ்வளவு செய்தும் ஒரு குடம் தண்ணீர் வரவில்லை. சம்பங்கி அந்த வாரத்தோடு முடிந்தது. மதினி கிழங்கைக்கூடத் தோண்டி எடுக்கவில்லை.

சேற்றோடு வாளியில் ஒரு சாமான் வந்தது. சின்னக்காளை அதைக் கழுவிக்கொண்டு வந்து மதினி கையில் கொடுத்தார். உன் சுண்ணாம்பு டப்பா. மூடி போய்விட்டது. தகரம் துருவேறி விரலில் உதிர்ந்தது. உள்ளே சுண்ணாம்பு டப்பாவின் வடிவத்திலேயே கல்லாக இறுகிக் கிடந்தது.

உனக்கு இதையும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் வைத்துச் சுட்டால் அதற்குள் இருக்கிற பழைய காற்று ஓடிப்போய்விடும். அதைத் தண்ணீர் ஊற்றி நீற்றித்தான் நீ வெற்றிலைக்குத் தடவுவாய், பொங்கலுக்குச் சுவரில் அடிப்பாய். ஆனால் சுண்ணாம்பு இழந்ததை மறக்காது. திறந்து வைத்தால் சுற்றி இருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மறுபடி கல்லாகிவிடும். உன் இடுப்பில் இருந்து நழுவின டப்பா, வாயைத் திறந்துகொண்டு உன் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. எஞ்சின் விட்டதை இழுத்தது. சேறு விட்டதை இழுத்தது.

மதினி அந்தக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டிருந்தாள் போல.

"அப்ப அவரு கடைசியா விட்ட மூச்சும் இதுல இருக்குமா, பாக்கியம்?"

டீச்சராக நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இருக்கலாம், ஏதோ துளி, அளந்து காட்ட முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "இருக்கு மதினி" என்றேன். அது பொய் என்று யாராவது நிரூபித்துக்கொள்ளட்டும்.

அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, பஸ் ஏறும்போது அவிழ்த்து என் கையில் வைத்தாள்.

"எங்கிட்ட இருந்தா உதுந்துபோகும். நீ வச்சுக்க. ஆனா நீ இஸ்கூல்ல கல்லுல ஊத்தி நுரை வர வைப்பியே, அதுல இதப் போட்டுறாத."

அண்ணே, உன்னைப் பற்றிப் பேசினவர்களிடம் சின்னக்காளையே போய்ச் சொல்லிவிட்டார், நீ விளக்கு இறக்கினாய் என்று. இந்த வருஷத் திதியில் மதினி எழுந்து அடுப்படிக்குப் போகவில்லை. இனி நான் இருக்கும்வரை, நம் பக்கத்தில் ஒருவரும் வெறும் விளக்கை நம்பிக் கிணற்றில் இறங்காதபடி வீடு வீடாகப் போய்ச் சொல்வேன். கிழவிக்கு வேறு வேலையில்லை என்று சொல்லட்டும். பாடத்துக்கு வேறு கல் எத்தனையோ இருக்கிறது, அவற்றில் ஊற்றுவேன், நுரைக்க வைப்பேன், உன் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்பேன். உன் கல் என் அலமாரியில் துணி சுற்றி இருக்கிறது. அதன்மேல் ஒரு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு படவும் விடமாட்டேன். அந்தக் காற்றை மட்டும் நான் வெளியே விடமாட்டேன், அண்ணே.

உன் கூடப்பிறந்தவள்,
நீ டீச்சரு என்று கூப்பிட்ட பாக்கியம்